வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் கூட்டு ஆய்வு: தொடக்க நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

விழுப்புரம் மாவட்டம் கீழ்புத்துப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அய்யனார் கோயில் காடு இருக்கிறது. கடலோரத்தில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் அதுவும் ஒன்று. புதுச்சேரி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அங்கே மரங்களையும் கொடிகளையும் கணக்கெடுத்து வந்துள்ளனர். வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள். மேற்கே, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி. உலகம் தேடி வரும் ஆய்வுக் களம் இது. ஆனால் இப்பகுதி கல்லூரி ஆசிரியர்கள் பலர், 'வெளிநாட்டுக் கூட்டு ஆய்வெல்லாம் ஐ.ஐ.டி.க்காரர்களுக்குத்தான்' என்று ஒதுங்கி விடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை.

தொடக்க நிதி என்றால் என்ன?

பெரிய ஆய்வுத் திட்டத்துக்கு முன், அதற்கான அடித்தளம் போடப் பல்கலைக்கழகம் தரும் சிறிய தொகைதான் தொடக்க நிதி. பொதுவாக ஓரிரு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். பயணம், முன்னோட்டத் தரவு சேகரிப்பு, பயிலரங்கு ஆகியவற்றுக்குச் செலவிடலாம். சம்பளத்துக்கும் பெரிய கருவிகளுக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. பெரும்பாலும் நிரந்தர ஆசிரியரே விண்ணப்பிக்க முடியும். ஆய்வு மாணவர் தம் நெறியாளர் வழியாக இணையலாம்.

எங்கே தேடுவது?

1. சொந்த நிறுவனம்: ஆசிரியர்களுக்கு ஆய்வுத் தொடக்க நிதி தருவதை நாக் மதிப்பீட்டில் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். உங்கள் கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவிடம் முதலில் கேளுங்கள்.

2. ஸ்பார்க்: 2018இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். ஒருங்கிணைப்பது ஐ.ஐ.டி. கரக்பூர். தரவரிசை அல்லது நாக் தகுதி பார்ப்பார்கள். அந்தச் சுற்றுக்கான அறிவிப்பைப் படித்த பிறகே இறங்குங்கள்.

3. செஃபிப்ரா: 1987இல் தொடங்கிய இந்திய - பிரெஞ்சு ஆய்வு மையம். 1955 முதல் புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே இருப்பது கூடுதல் வசதி.

4. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்: பல பல்கலைக்கழகங்கள் தம் பேராசிரியருக்கே இந்த நிதியைத் தருகின்றன. அங்கே விண்ணப்பிப்பவர் அவர், நீங்கள் கூட்டாளி.

நம் ஊர் உதாரணம்

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சென்னைப் பணியிடங்களின் வெப்பச் சுமை பற்றி 2014இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னர் 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளங்கள் ஏழில் 352 தொழிலாளர்களை அந்நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பது தெரிய வந்தது. நிழல், குடிநீர், கழிப்பறை, சிறுநீரகப் பரிசோதனை என்று தொழிலாளருக்காகக் கேட்க இப்போது கையில் ஆதாரம் இருக்கிறது.

விண்ணப்பத்தில் என்ன இருக்க வேண்டும்?

* ஒரே ஒரு தெளிவான கேள்வி. 'உப்பளத் தொழிலாளர் நலம்' என்பது தலைப்புதான். 'நண்பகல் ஓய்வு நேரத்தைக் கூட்டினால் நீரிழப்பு குறைகிறதா?' என்பது கேள்வி.
* இரு தரப்பும் ஏன் தேவை? களமும் மொழியும் நம்மிடம், கருவியும் ஆய்வு முறையும் அவர்களிடம் என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.
* மாதவாரியான வேலைத் திட்டம். வடகிழக்குப் பருவமழையில் உப்பளத்தில் வேலை நடக்காது. அக்டோபரில் தொடங்கும் திட்டத்துக்கு முதல் சில மாதங்கள் களமே இருக்காது.
* கூட்டாளியின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம்.
* இந்த நிதி முடிந்ததும் எந்தப் பெரிய நிதிக்கு விண்ணப்பிப்பீர்கள் என்ற குறிப்பு. தேர்வுக் குழு இதைக் கவனித்துப் பார்க்கும்.

அனுமதிகளை மறக்காதீர்கள்

மனிதர்களிடம் ஆய்வு செய்ய நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டார் சேரும் மருத்துவ ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். வழியாகச் சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதியும் வேண்டும். உப்பளத்து நுண்ணுயிர், காட்டுச் செடி போன்றவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. கழுவெளிக்குள் ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி தேவை. வெளிநாட்டுப் பணம் நேரடியாக வருவதாக இருந்தால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் பொருந்துமா என்று கல்லூரி நிதிப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு விடுங்கள். இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். நிதி வந்த பிறகு தொடங்கினால் ஆய்வுக் காலம் காத்திருப்பிலேயே கரைந்து போகும்.

முதல் நாளே எழுதி வைக்க வேண்டியவை

தரவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், முடிவுகளை ஊர் மக்களுக்கு யார் தமிழில் சொல்வது - இம்மூன்றையும் ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக் கொள்ளுங்கள். இல்லையென்றால் நம் மண்ணும் நம் மக்களின் இரத்த மாதிரியும் வெளிநாடு போகும். கட்டுரையின் நன்றியுரையில் மட்டும் நம் ஊர்ப் பெயர் இருக்கும். ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்த உப்பளத் தொழிலாளிக்கு முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதைத் தெரிவிப்பதற்கான கூட்டச் செலவையும் நிதித் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்து விடுங்கள்.