விறாந்தைச் சுவரும் காட்சிக்கூடச் சுவரும்

ஒளிப்படத்தின் வரலாற்றைக் கமராக்களின் வரலாறாக எழுதியோர் பலர். படங்கள் மாட்டப்பட்ட சுவர்களின் வரலாறாக எழுதியோர் மிகச் சிலர். கைபேசியில் எடுத்த படங்கள் கலைக்கூடங்களுக்குள் நுழைந்த கதையை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூரிலிருந்து நோக்குபவருக்கு இந்த இரண்டாவது வழியே கூடுதலாகப் பயன்படும். செம்மண் தோட்டங்களும் நிலாவரைக் கிணறும் பருத்தித்துறை வீதியுமாக அமைந்த இவ்வூரிலும் அயலிலும், படத்தைப் பலர் காண வைக்கும் வழக்கம் கலைக்கூடம் என்ற ஏற்பாட்டை எதிர்பாராமலே வேரூன்றிவிட்டது.

அவ்வழக்கத்தின் முதலிடம் வீட்டு விறாந்தை. சுவாமிப் படங்கள் தமக்குரிய அறையில் இருக்க, குடும்பத்தாரின் படங்கள் வருவோர் போவோரின் கண்ணிற் படும்படி விறாந்தையிலோ நடுவறையிலோ, நிலைக்கு மேலே உயரத்தில் அடித்த ஆணியிற் கட்டிய கயிற்றில் சற்று முன்சாய்ந்து தொங்கின. இருப்பவரின் படத்துக்கும் இறந்தவரின் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாடிமீது வைத்த சந்தனப் பொட்டும் மாலையும் உணர்த்தின. பட்டமளிப்பு உடையில் நிற்கும் மகனின் படத்துக்குக் கிடைத்த இடம் தோட்டத்தில் வேலை செய்யும் மகனின் படத்துக்குக் கிடைப்பது அரிது. எது பார்வைக்கு உரியது என்று தெரிவு செய்யும் வேலையை, பிற்காலக் காட்சிக்கூடங்களில் அதற்கென ஒருவர் அமர்த்தப்படுவதற்கு முன்பே, வீட்டின் மூத்தோர் செய்துவந்தனர்.

இப்படங்களை ஆக்கிக் கொடுத்தவர்கள் ஸ்ரூடியோக்காரர்கள். தீட்டிய திரைச்சீலையின் முன் நிறுத்தி எடுப்பதும், நெகற்றிவில் பென்சிலால் முகத்தைத் திருத்துவதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணமிடுவதும், தனித்தனியே எடுத்த கணவன் மனைவி படங்களை ஒன்றாகச் சேர்ப்பதும் அத்தொழிலின் நுட்பங்கள். இலங்கையில் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டதோடு, அதற்கென எடுத்த சிறிய முகப்படமே பலருக்குத் தனியாக எடுத்த ஒரே படமாக அமைந்தது. அவர்கள் மறைந்தபின் அதுவே பெருப்பிக்கப்பட்டு விறாந்தைக்கும், அந்தியேட்டியன்று வழங்கும் நினைவு மலருக்கும் வந்தது. அரசாங்கம் ஆளை அறிவதற்காகக் கேட்ட படம் குடும்பம் ஆளை நினைப்பதற்கான படமாக மாறிய இந்த இடமாற்றம், யாழ்ப்பாண ஒளிப்பட வரலாற்றில் கமரா மாற்றங்கள் எவற்றைவிடவும் கனதியானது.

ஸ்ரூடியோவுக்கு வெளியே யாழ்ப்பாண நகரத்தில் கலைக் காட்சி என்று அறியப்பட்டது பெரும்பாலும் சித்திரக் காட்சியே. 1930களின் பிற்பகுதியில் சித்திரக் கல்வி அதிகாரி எஸ். ஆர். கனகசபை தொடக்கிய வின்சர் கலைக் கழகமும், பின்னர் ஓவியர் மாற்கு மாணவர்களுக்கு நடத்திய விடுமுறைக்கால வகுப்புகளும் அம்மரபைப் பேணின. ஒளிப்படத்தைக் கலையாக நிறுவும் முயற்சி கொழும்பில் நடந்தது. லயனல் வென்ட் (1900–1944) அங்கு அதன் முதன்மையாளர். அவர் கையாண்ட லைக்கா, சட்டைப்பைக்கு அடங்கும் சிறு கருவியென்று பெரிய தகட்டுக் கமராக்காரர் பலரால் ஐயத்தோடு பார்க்கப்பட்ட காலத்தது என்பது, கைபேசிப் படத்தைக் கலைக்கூடத்துக்கு ஒவ்வாததென்று ஒதுக்குவோர் நினைவிற்கொள்ளத் தக்கது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனது; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றானது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தபோது, விறாந்தைச் சுவர்களும் அவற்றிலிருந்த படங்களும் பின்னால் விடப்பட்டன. கையோடு கொண்டுபோகத் தக்கதாய் இருந்தது அடையாள அட்டையும் ஒருவேளை ஓர் அல்பமும் மட்டுமே. மாற்குவின் ஓவியங்கள் பலவும் இவ்விடப்பெயர்வில் அழிந்தன. ஆகவே குடாநாட்டில் கைபேசிக் கமரா பரவியபோது, அது பழைய படங்கள் நிறைந்த வீடுகளுக்குள் அன்றி, ஆணி மட்டும் எஞ்சிய சுவர்களைக் கொண்ட வீடுகளுக்குள்ளேயே பெரும்பாலும் வந்து சேர்ந்தது.

அக்கருவியின் வெளியுலக வரலாறு சுருக்கமானது. ஷார்ப் நிறுவனம் 2000 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட கமராக் கைபேசியின் உணரி, அதாவது ஒளியை மின்குறிகளாக மாற்றும் சில்லு, ஏறத்தாழ 1,10,000 படப்புள்ளிகளை மட்டுமே கொண்டது. நூலில் அச்சிடும் தரத்தில் அப்படம் ஒரு தபால் முத்திரையின் அளவைத் தாண்டாது. அத்தகைய படங்களைச் சேர்த்து 2004இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலும், ஐபோனில் எடுத்த படங்களை மட்டும் சேர்த்து 2010 ஜனவரியில் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் காட்சிகள் நடந்தன. 12 மெகாபிக்சல் உணரிகள் வந்தபின் அதே தரத்தில் 13 அங்குல அகலம்வரை அச்சிட முடிந்ததால், அளவைக் காரணங்காட்டி மறுக்கும் வாதம் தளர்ந்துபோனது.

வடக்கின் கைபேசிப் படம் உலகின் முன் வந்த வழி இதனின்றும் முற்றிலும் வேறு. இலங்கைப் படைவீரர் ஒருவரின் கைபேசியில் பதிவானதாகக் கூறப்பட்ட, கைதிகள் சுட்டுக்கொல்லப்படும் காட்சியை 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. அரசாங்கம் அதைப் போலியென மறுத்தது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், நிபுணர் ஆய்வுகள் அதன் நம்பகத்தன்மையைப் பெரிதும் வலுப்படுத்துவதாக அறிவித்தார். கைபேசிப் படம் கலையா என்று பிற நாடுகளில் கேட்கப்பட்ட அதே ஆண்டில், இங்கு எழுந்த கேள்வி அது மெய்யா என்பதாயிருந்தது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில், கொட்டகையின் பக்கங்கள் எங்கும் முகப்படங்கள் தொங்கின. அடையாள அட்டைப் படம், கல்யாண அல்பத்திலிருந்து வெட்டியெடுத்த முகம், கைபேசியால் மறுபடி எடுத்துப் பெருப்பித்த பழைய படம் ஆகிய எல்லாம் ஒரே அளவில் அங்கு நிரைப்படுத்தப்பட்டன. சந்திகளில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளிலும் இன்று பெரும்பாலும் காணப்படுவது கைபேசிப் படமே. வட இலங்கையின் இத்தகைய பொதுவெளிப் படங்களை மானிடவியலாளர் விந்தியா புத்பிட்டிய களத்தில் ஆராய்ந்திருக்கிறார்.

கலைக்கூடம் இவற்றை நோக்கி மெல்லவே நகர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறையைச் சேர்ந்த தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட, முற்றுப்பெறாத தோம்பு எனப் பொருள்படும் தலைப்புடைய நூல், ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பின் வடிவைக் கையாண்டு, இடம்பெயர்ந்தோர் தம் வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைத் தொகுத்தது. பயிற்சி பெறாதவரின் கைவேலையும் காட்சிக்குரியது என்று ஏற்கச் செய்ததில் அதன் பங்கு பெரிது. 2019 டிசம்பரில் கொழும்பில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் வடக்கின் ஆக்கங்களையும் தன் முதற் காட்சியிலேயே சேர்த்துக்கொண்டது.

சுவர் கிடைத்தபின் எழுவது சான்றின் சிக்கல். ஸ்ரூடியோப் படத்தின் பின்புறத்தில் கடையின் முத்திரையும், பலவேளை மையால் எழுதிய பெயரும் திகதியும் இருக்கும். கைபேசியும் படத்தோடு நேரத்தையும் இடத்தையும் பதிகிறது. ஆனால் வட்ஸ்அப் போன்ற செயலிவழி வழக்கமான முறையில் அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுவதுடன், அக்குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. புத்தூரில் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பி, அங்கிருந்து மீண்டும் ஊருக்கு வந்து சேரும் ஒரு படத்தைக் காட்சிக்கோ ஆவணகத்துக்கோ எடுப்பவர், அதை யார், எங்கே, எப்போது எடுத்தார் என்பதை வீடுவீடாகக் கேட்டே எழுத வேண்டியிருக்கிறது. இறந்துபோன ஸ்ரூடியோக்காரர் ஒருவரின் ரப்பர் முத்திரை அந்த வேலையில் பாதியைச் செய்து கொடுத்திருக்கும்.