மாவட்ட மனநலத் திட்டப் பணியாளர்கள்

மனநலச் சிகிச்சையைப் பெருநகர மருத்துவமனைகளிலிருந்து மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்த இந்திய அரசின் திட்டம், மாவட்ட மனநலத் திட்டம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திக்காட்டிய முறையே இதற்கு முன்மாதிரி. 1996-இல் 4 மாவட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சிராப்பள்ளிக்கு.

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோர் குழுவின் தூண்கள். இவர்களைத் தேடிப் பிடிப்பதே முதல் சிக்கல். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில். மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு முதுகலைக்குப் பின் இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற 2 ஆண்டு எம்.ஃபில். படிப்பே நெடுங்காலமாக முதன்மை வழியாக இருந்தது. அதில் இடங்களோ சொற்பமாகவே இருந்தன. மனநல மருத்துவர் கிடைக்காத மாவட்டங்களில் பயிற்சி பெற்ற பொது மருத்துவரை அமர்த்தவும் விதி இடம்தருகிறது.

வந்தவர்களைத் தக்கவைப்பது அதைவிடக் கடினம். பணியிடங்களில் பெரும்பகுதி ஒப்பந்த அடிப்படையிலானவை. தொகுப்பூதியம்தான், பதவி உயர்வுக்கு வழி கிடையாது. இன்றைக்கு ஒரு தாலுகா, நாளைக்கு இன்னொன்று என்று அலைச்சலும் உண்டு. வெளியே நிரந்தர வேலை கிடைத்ததும் கிளம்புகிறவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

வேறு துறைகளில் ஓர் இடம் காலியானால் வேலை தேங்கும். இங்கே சிகிச்சையே அறுந்துபோகும். மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு மாதம் வராவிட்டால் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பவர் சமூகப் பணியாளர். அம்மா சொன்னால் கேட்பாரா, அண்ணன் சொன்னால் கேட்பாரா, எந்தப் பேச்சை எடுத்தால் கோபம் வரும் என்பதெல்லாம் அந்தப் பணியாளருக்குத்தான் தெரியும். ஓ.பி. சீட்டில் இருப்பது மருந்தின் பெயரும் அளவும் மட்டுமே. அந்தப் பணியாளர் வேலையை விட்டால் குடும்பம் புது முகத்திடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சிலர் அதற்குப் பிறகு வருவதே இல்லை.

நிபுணர் பற்றாக்குறைக்கு மாற்றாக, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு கோவாவில் நடந்த ‘மானஸ்’ ஆய்வு 2010-இல் வெளியானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அவர்களுக்கும் மேலிருந்து வழிகாட்ட நிபுணர் வேண்டும். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் (14416) தொலைபேசிச் சேவையும் ஆலோசகர்களை நம்பியே நடக்கிறது.

ஆகவே, ஆளெடுப்பு அறிவிப்புகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, இருக்கும் பணியிடங்களை நிரந்தரமாக்குவதே முதல் வேலை. பணியாளர் எண்ணிக்கைக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 நாளும் குறித்திருக்கிறது: சட்டம் நடைமுறைக்கு வந்த 10 ஆண்டுகளுக்குள், மக்கள்தொகைக்கேற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுகோலுக்கு உயர்த்த அரசுகள் முயல வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018-இல். கெடு 2028-இல் முடிகிறது.