பல்செட்டைப் பிடித்து நிறுத்துவது எது?

"கீழே சேலத்தில் வாயில் நிற்கிற பல்செட், மலைமேல் வந்ததும் கழன்று விழுந்துவிடுமாமே, மெய்தானா?"

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கும் சாலையில் உள்ள கொட்டச்சேட்டில், காப்பித் தோட்ட வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட பெரியவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். பல்செட்டை அண்ணத்தோடு ஒட்டவைப்பது காற்றின் அழுத்தம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மலைமேல் காற்று லேசு என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்திருக்கிறார். பௌதிக வகுப்பில்கூட இதைவிட நல்ல கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தினாலேயே அவர் பல் கட்டிக்கொள்ளாமல், கஞ்சியும் கரைத்த களியுமாகக் காலம் தள்ளுகிறார் என்பதுதான் வருத்தம்.

விடையைச் சொல்லுமுன், பல்செட் வாய்க்குள் நிற்கக் கற்றுக்கொண்ட கதையைப் பார்ப்போம். அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர்கள், கி.மு. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியே, மெல்லிய பொன் பட்டைகளால் செயற்கைப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு பிணைத்தார்கள். பக்கத்தில் உறுதியான பல் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். வாய் முழுதும் பொக்கையாகிவிட்டால் எதனோடு பிணைப்பது? இந்தச் சிக்கலை முதலில் நன்றாக அவிழ்த்தவர்கள் ஜப்பானியர். 1538இல் இறந்த நக்கஓக்கா தேய் என்ற பௌத்தத் துறவினியின் பல்செட் இன்றும் இருக்கிறது. வேறெந்தப் பிணைப்பும் இல்லாமல், அண்ணத்தில் படியும்படி மரத்தைச் செதுக்கிச் செய்தது அது. ஐரோப்பா இதை அறியவில்லை.

ஐரோப்பியர் வேறு வழியில் போனார்கள். 1728இல் பல் மருத்துவம் பற்றிய பெருநூலை வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார், மேல் செட்டையும் கீழ் செட்டையும் வில்லால் இணைத்தார். வில் இரண்டையும் எதிரெதிராகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். இதில் உள்ள தொல்லையை நீங்களே ஊகிக்கலாம். வாயை மூடியிருக்க வேண்டுமானால் ஓயாமல் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்றுத் தளர்ந்தால் வாய் தானே திறந்துகொள்ளும். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். அவருடைய பல்செட் மரத்தால் ஆனது என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம், வில் ஆகியவை சேர்ந்த பாரமான கருவி அது.

மனிதப் பல் எங்கிருந்து வந்தது? வாஷிங்டனின் பண்ணைக் கணக்கில், 1784இல் அடிமைகளிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கியதற்கான பதிவு இருக்கிறது. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள். பின்னர் பல வருடங்கள் இத்தகைய பற்களுக்கு 'வாட்டர்லூ பல்' என்றே பெயர் வழங்கியது. ஏழையின் வாயிலிருந்து எடுத்துச் செல்வரின் வாயில் வைத்த காலம் அது. பீங்கான் பல் வந்துதான் இதற்கு முடிவு கட்டியது. டுஷாட்டோ என்ற பிரெஞ்சு மருந்துக் கடைக்காரரின் தந்தப் பல்செட்டில் மருந்துகளின் நெடி ஏறி நாறியதால், 1770களில் அவர் பீங்கானில் செட் செய்யச் சொன்னாராம். அவருக்கு உதவிய டுபுவா த ஷெமான் பின்னர் இங்கிலாந்து சென்று, 1791இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பல் மாறியது, பிடிமானம் மாறவில்லை. இங்கேதான் கார்டெட் என்ற பிலடெல்ஃபியா பல் மருத்துவரைப் பற்றிய செய்தி ஒன்று வழங்குகிறது. 1800ஆம் ஆண்டில் ஒரு பெண்மணிக்கு மேல் செட்டைக் கொடுத்து, "பழகி வையுங்கள், வில்லைப் பிறகு மாட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை மிகுதியால் சில மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார். அந்த அம்மாள் வில் இல்லாமலே செட்டைப் போட்டுக்கொண்டு சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்!

வில் இல்லாமல் நின்றது எப்படி? வீட்டில் இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்து, நடுவே ஒரு சொட்டு நீர் விட்டு ஒன்றின்மேல் ஒன்றை அழுத்துங்கள். பக்கவாட்டில் வழுக்கும், ஆனால் நேராக இழுத்துப் பிரிப்பது கடினம். அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவே உமிழ்நீர் இதே வேலையைச் செய்கிறது. நீர்ப்படலத்தின் விளிம்பில் பரப்பு இழுவிசை வேலை செய்வதால் உள்ளே அழுத்தம் சற்றுக் குறைகிறது. படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பலம்: இடைவெளி பத்தில் ஒரு பங்கானால் பிடிப்பு பத்து மடங்காகிறது. ஆகவே செட் அண்ணத்தின் மேடு பள்ளத்தில் அச்சாகப் படிவதே முக்கியம்.

செட் கீழே இறங்க முயன்றால், ஓரங்கள் ஈரமாக அடைபட்டிருக்கும் வரையில், உள்ளே அழுத்தம் மேலும் குறையும். வெளிக்காற்று அதை மேலே தள்ளும். மேல் செட் ஏறக்குறைய 23 சதுர செ.மீ. பரப்பில் படிகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். உள்ளே முழு வெற்றிடம் ஏற்பட்டால் (ஒருநாளும் ஏற்படாது) 23 கிலோ எடையையே தாங்கும். 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் இதில் ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கும் 19 கிலோ தாங்கும். மேல் செட்டின் எடையோ 20 கிராம் அளவுதான்! ஆக, மலை ஏறினால் பல்செட் விழாது. கொட்டச்சேட்டுப் பெரியவர் அஞ்ச வேண்டியது காற்றுக்கு அல்ல, பொருந்தாத செட்டுக்கே. வாய் உலர்ந்தாலும் பிடிப்பு தளரும். சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைத்துவிடும்.

கீழ் செட்டின் கதை வேறு. அது குதிரை லாட வடிவம். பரப்பு மேலதில் பாதிதான். நடுவே நாக்கு ஓயாமல் அசைகிறது. கீழ் செட் சற்று ஆடினால் உடனே மருத்துவரைத் திட்டவேண்டாம். கன்னமும் நாக்கும் அதைப் பிடித்துக்கொள்ளப் பழகச் சில வாரங்கள் ஆகும்.

தந்தத்தை எவ்வளவு செதுக்கினாலும் அச்சாகப் படியாது. பொருத்தம் எல்லோருக்கும் கிட்டியது ரப்பரால். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி நெல்சன் 1851இல் கந்தகத்தைக் கூட்டிக் கெட்டி ரப்பராக்கினார். இதுவே வல்கனைட். வாயை அளவெடுத்து, சாந்தில் அச்சு வார்த்து, அதில் மெத்தென்ற ரப்பரை அழுத்தி நீராவியில் வேகவைத்தால், அந்த வாய்க்கே உரிய செட் தயார். அதே காலத்தில், 1846இல், ஈதர் மயக்கமருந்து புகழ்பெற்றது. வலியில்லாமல் பல்லைப் பிடுங்கலாம், மலிவாகக் கட்டலாம் என்றதும் கூட்டம் பெருகியது.

மலிவுக்குக் குறுக்கே நின்றது காப்புரிமை. ரப்பர் செட்டுக்கு 1864இல் காப்புரிமை பெற்ற நிறுவனம், ஒவ்வொரு பல் மருத்துவரும் உரிமைப் பணம் கட்டவேண்டும் என்று வழக்குமேல் வழக்குப் போட்டது. அதன் பொருளாளர் ஜோசயா பேக்கன் ஊர் ஊராகச் சென்று வசூலித்தார். 1879 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் ஒன்றில் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொன்றார். பல்செட்டுக்காக ஒரு கொலை! 1881இல் காப்புரிமை காலாவதியானது. ரப்பர் செட் உலகெங்கும் பரவியது.

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்வி பிந்தியே வந்தது. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953இல்தான் தொடங்கியது. அதுவரை பல் கட்டியவர்கள் யார்? பரம்பரையாகத் தொழில் கற்றவர்கள். சீனாவின் ஹூபே மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் கல்கத்தாவிலும் சென்னையிலும் பல் கட்டுவதில் பேர் பெற்றன. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் இத்தகையோரை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. பட்டம் இல்லாமலே ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இதே தொழிலில் பிழைத்தவர்களைப் பதிவேட்டின் 'ஆ' பகுதியில் சேர்த்துக்கொண்டது. நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நடைபாதையில் துணி விரித்துப் பற்களைப் பரப்பி வைத்திருப்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் வாய்க்குள்ளேயே பிளாஸ்டிக்கைக் குழைத்து, பக்கத்துப் பல்லோடு கம்பி கட்டி நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். அடியில் அழுக்கு தங்கி ஈறு புண்ணாகி, நல்ல பல்லும் ஆடத் தொடங்கும். செட் விழாமலிருக்க நடுவில் ரப்பர் வட்டு பொருத்தும் வழக்கமும் இருந்தது. ஓயாத உறிஞ்சலில் அண்ணத்துச் சதை அரித்து, துளையே விழுந்தவர்கள் உண்டு. பொருத்தம் இருந்தால் வட்டு எதற்கு?

1930களின் பிற்பகுதியில் ரப்பரின் இடத்தை அக்ரிலிக் பிளாஸ்டிக் பிடித்தது. விமானத்தின் ஒளிபுகும் மூடிக்கு உதவிய அதே பொருள்தான், ஈற்றின் இளஞ்சிவப்பு நிறத்தில். அதன் குணம் தெரிந்தால் பராமரிப்பு தானே விளங்கும். அது தன் எடையில் சுமார் இரண்டு விழுக்காடு நீரை உறிஞ்சி வைத்திருக்கும், உலர்ந்தால் சுருங்கும். ஆகவே கழற்றியதும் குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் கூடாது, சூட்டில் அது வளைந்து, அரும்பாடுபட்டு வந்த பொருத்தம் போய்விடும். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது என்பதால் தப்பிவிடாது! செங்கல் தூள், சாம்பல், கரி, பற்பொடி எல்லாம் அதைக் கீறும். கீறலில் கிருமி தங்கும். மெல்லிய பிரஷ்ஷும் சோப்பும் போதும். கழுவும்போது கீழே நீர் நிறைந்த வாளி இருந்தால், கை தவறினாலும் உடையாது. இரவில் கழற்றிவிட்டே தூங்கவேண்டும். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இருமடங்குக்கு மேல் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. பல் போனபின் தாடை எலும்பு வருடந்தோறும் தேய்கிறது. கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு தேய்வதாக நீண்ட கால ஆய்வுகள் காட்டுகின்றன. செட் மாறவில்லை, வாய் மாறிவிட்டது. இருபது வருடமாக ஒரே செட்டைப் போட்டுக்கொண்டு, "வயசாச்சு, அப்படித்தான்" என்பவர்கள் பலர். அடிப்பக்கத்துக்கு மட்டும் புதுப் பூச்சுக் கொடுத்துப் பொருத்தத்தை மீட்கலாம். முடியாவிட்டால் புதிது செய்யவேண்டும். வீட்டில் அரம் வைத்துத் தேய்ப்பதும், கடைப் பசையால் ஒட்டுவதும் செட்டைக் கெடுக்கும். செட் உரசிய புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அதிலும் வெற்றிலை புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மலைக்காரர்களுக்கு உண்மையான இடைஞ்சல் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும்தான். அளவெடுக்க, கடிமானம் பார்க்க, மெழுகில் ஒத்திகை பார்க்க, கடைசியில் மாட்ட என்று நாலைந்து தடவை இறங்க வேண்டியிருக்கும். எத்தனை தடவை, எந்தெந்த நாள் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் செய்து தருவதுண்டு. செட் மாட்டிய சில நாளில் எங்கேனும் உறுத்தும். திரும்பப் போய்ச் சீர்செய்துகொள்ள வேண்டும். வலிக்கிறதென்று அதைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முந்திய நாளிலிருந்தாவது போட்டுக்கொண்டு போனால்தான் ஈற்றில் சிவந்த தடம் தெரியும். அந்தத் தடம் இருக்கும் இடத்தில்தான் மருத்துவர் தேய்ப்பார்.