வெயிலும் வெள்ளமும் முதியோர் விடுதியும்

பத்து காவானிலே நம்மவர் கரும்பு வெட்டிய காலத்தில் முதியோர் விடுதி என்ற பேச்சே எழவில்லை. முதுமை காணும்வரை பிழைத்திருந்தவர் சிலரே. கடலோரச் சதுப்பை வரம்பு கட்டி வடித்து உண்டாக்கிய அந்நிலத்துக்கு, 19-ஆம் நூற்றாண்டில் சஞ்சிக்கூலிகளாக வந்த தமிழரிற் பலரைக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாலிபத்திலேயே கொண்டுபோயின. 1910-இல் சஞ்சிமுறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. அதன் பின்னரும் உழைத்துத் தளர்ந்தவர் பலர் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். தோட்டத்தார் முதுமைக்குக் கண்ட வைத்தியம் கப்பல் சீட்டு ஒன்றுதான்.

இன்றோ ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. தீவையும் பத்து காவானையும் இணைக்கும் இரண்டாவது பாலம் 2014-இல் திறக்கப்பட்டது. லயத்தில் ஒரு கிழவி காலையில் எழுந்து வாசலுக்கு வராவிட்டால் பக்கத்துக் கதவு உடனே திறக்கும். அடுக்குமாடியில் அது இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின் தாயை யார் பார்ப்பது? ஆகவே விடுதிக்கு அனுப்புகிறோம். இதனை நாம் பழிக்கவில்லை. அனுப்பிய இடம் வெயிலிலும் வெள்ளத்திலும் எவ்வாறிருக்கும் என்று கேட்காமலிருப்பதையே பழிக்கிறோம்.

2017 நவம்பர் 4-ஆம் நாள் இரவு பினாங்கு மாநிலத்தில் பேய்மழை கொட்டியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. எழுவர் மாண்டனர்; இராணுவத்தின் உதவியைக் கோரவேண்டியதாயிற்று. நடக்கக்கூடியவன் மேட்டுக்கு ஓடுகிறான். படுக்கையில் கிடப்பவன் என்செய்வான்? 2020 ஜூலையில் ஜப்பான் தேசத்துக் குமா கிராமத்தில் ஆற்றோரத்து முதியோர் இல்லமொன்றில் வெள்ளம் புகுந்தது. ஊழியரும் அண்டையாரும் முதியவர்களைப் படி வழியே மேல்மாடிக்குத் தூக்கிச் சென்றனர். எத்தனை கைகள் தூக்கியும் 14 பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடியது. 2017 செப்டம்பரில் பிளாரிடாவில் புயல் வீசிற்று; ஒரு விடுதியின் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் நின்றது. புயல் கடந்து மூன்று நாள், அறைகள் அடுப்பாய்க் கொதிக்க, 12 பேர் அதனால் இறந்தனர். குளிர்ந்த ஆஸ்பத்திரி தெருவுக்கு எதிர்ப்புறத்திலேயே இருந்தது! இதனை விதியென்று சொல்ல யாருக்குத் துணிவுண்டு?

முதிய உடலின் இயல்பையும் அறிந்துகொள்ளவேண்டும். வயதானால் தாக உணர்ச்சி மங்குகிறது, வியர்வை குறைகிறது, வெப்பத்தை வெளியேற்ற இருதயம் மேலும் உழைக்கவேண்டியிருக்கிறது. நீர் பிரிவதற்குத் தரும் மாத்திரை உடலின் நீரை வற்றச்செய்கிறது. மனநோய் மருந்துகளிற் சில வியர்வையைத் தடுக்கின்றன. மறதி நோயுற்றவர் தண்ணீர் கேட்கவே மாட்டார். நம் நாட்டில் காற்றே ஈரமாதலால் வியர்த்தாலும் அது உலர்வதில்லை. நாம் வெயிலுக்குப் பழகியவர்கள் என்று பெருமை பேசுவோருண்டு. 1998 ஏப்ரல் 9-இல் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாயிற்று. பழகிய உடலுக்கும் ஓர் எல்லையுண்டு.

இவ்விஷயத்தில் உலகத்தை விழிக்கச் செய்தது 2003 ஆகஸ்டில் பிரெஞ்சு தேசத்தில் வீசிய அனல். சுமார் 15,000 பேர் கூடுதலாக மாண்டனர். மிகப் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். பாரிஸில் சில இரவுகளில் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழ் இறங்கவில்லை. பினாங்குக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், நமக்கு அது அன்றாட இரவு. ஆனால் குளிருக்கெனக் கட்டிய வீடுகள் பகலில் வாங்கிய அனலை இரவெல்லாம் உள்ளேயே வைத்திருந்தன. உடலுக்கு ஓய்வில்லை.

அந்நகரத்து விடுதிகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். மிகவும் தளர்ந்து படுத்தவர்களைவிட, ஓரளவு தம் காரியத்தைத் தாமே செய்துகொண்டவர்களிடையேதான் சாவு வழக்கத்தைக் காட்டிலும் மிகுதியாக ஏறியிருந்தது. படுத்தவருக்கு ஊழியர் தண்ணீர் புகட்டினர். நடமாடியவரோ தாமே குடித்துக்கொள்வார் என்று விடப்பட்டிருக்கலாம். “எங்கள் அப்பா திடமாயிருக்கிறார்” என்று நிம்மதியாயிருக்கும் பிள்ளைகள் இதனை இருமுறை படிக்கட்டும்.

மலேசியாவிலே பராமரிப்பு நிலையங்களைப் பதிவுசெய்ய 1993-இல் சட்டம் வந்தது. முதியோர் மருத்துவப் பராமரிப்புக்கென 2018-இலும் ஒன்று இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்க, நாம் விடுதிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகும்போது பார்க்கத்தக்கவை சில உண்டு. நடக்க முடியாதவர் கீழ்த்தளத்தில் கிடக்கிறாரா? இரவில் எத்தனை ஊழியர்? மின்சாரம் நின்றால் எந்த அறை குளிர்ந்திருக்கும்? சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்பவரை வெள்ளத்தில் எவ்வழியாய்க் கொண்டுபோவார்கள்?

பிரெஞ்சு சர்க்கார் அந்தச் சாவுகளுக்குப் பின் விடுதிதோறும் குளிர்ந்த அறையொன்று வேண்டுமென்று விதித்தது. 2004-இல் இன்னொரு சட்டமும் செய்தது: தொழிலாளர் ஆண்டில் ஒருநாள் கூலியின்றிக் கூடுதலாக உழைக்கவேண்டும், முதலாளிகள் அதற்கீடாகச் சம்பளத் தொகையில் 0.3 விழுக்காடு செலுத்தவேண்டும்; அப்பணம் முதியோருக்கும் அங்கவீனருக்கும் செல்லவேண்டும். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. சட்டம் நின்றது.