தண்ணிக்குள் இருக்கும் தண்ணீர்

ஹைதராபாத்துக்கு வேலை மாறி வரும் எல்லோரிடமும் முதல் மாதமே யாராவது சொல்லிவிடுவார்கள், கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவன் இந்த ஊரை விட்டுப் போகமாட்டான் என்று. எனக்குச் சொன்னவர் ஒரு ஆட்டோக்காரர். ரெண்டே வருஷம் என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே வீடு வாங்கி கிரகப்பிரவேசம் செய்வதைப் பார்த்தால் அவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

தண்ணீருக்கு அப்படி ஒரு குணம் உண்டா என்று நான் யோசிக்கக் காரணம் பீர். அமெரிக்காவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். (அங்கே 1978-ல் அதிபர் கார்ட்டர் போட்ட கையெழுத்துக்குப் பிறகு அது குற்றமில்லை. இங்கே உரிமம் இல்லாமல் காய்ச்சினால் கலால்காரர்கள் வந்து நிற்பார்கள். தங்கமணிகள் கவலைப்பட வேண்டாம், நான் படித்ததோடு சரி.) "லைட் ஏல் போடறேன்டா, தண்ணிதான் சரியா அமையல" என்று புலம்பினான். தண்ணிக்கே தண்ணிப் பிரச்சினையா என்று சிரித்தேன். ஆனால் ஃபில்டர் காபி ஊருக்கு ஊர் ருசி மாறுவதைப் பார்த்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே.

இதில் இந்தியாவுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. கம்பெனி காலத்தில் சிக்கந்தராபாத் போன்ற கண்டோன்மென்ட்களில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு பீர் கப்பலில்தான் வந்தது. அதாவது இங்கிலாந்துத் தண்ணீரை பீப்பாயில் அடைத்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்! லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரின் போ மதுவடிசாலை அந்த வியாபாரத்தை வைத்திருந்தது. 1820-களில் பர்ட்டன் ஊர் ஆல்சாப் போட்டிக்கு வந்தார். அவருடைய ஆள் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெட்டிலில் காய்ச்சிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பர்ட்டன் சரக்கு ஜெயித்தது. காரணம் கிணற்றுத் தண்ணீர். அந்த ஊர் நிலத்தடியில் ஜிப்சம் அதிகம். அதிலுள்ள கால்சியம், வெளிர் மால்ட்டை ஊறவைக்கும்போது தேவையான லேசான புளிப்பைக் கொண்டுவரும். சல்பேட் ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக எடுத்துக் கொடுக்கும். டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் தூக்கல், அது இந்தப் புளிப்பைக் கெடுத்துவிடும். வறுத்த கறுப்பு மால்ட் சேர்த்தால் அதன் புளிப்பு ஈடுகட்டும். டப்ளின்காரர்கள் கறுப்பு ஸ்டவுட்டில் பேர் வாங்கியதன் ரகசியம் இதுதான். பில்சன் நகரத் தண்ணீரில் உப்பே கிடையாது என்கிற அளவுக்கு மென்மை. 1842-ல் அங்கே பிறந்தது பொன்னிற லாகர். ஆக, அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீருக்கு எது வந்ததோ அதைக் காய்ச்சினார்கள். பின்னால் வேதியியல் வந்து காரணம் சொன்னது.

கப்பல் செலவு தாங்காமல் இந்தியாவிலேயே காய்ச்சப் புறப்பட்டவர்கள் ஓடியது மலைக்கு. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம், குளிரும் ஊற்று நீரும் அங்கேதான். 1850-களில் எட்வர்ட் டயர் கசௌலியில் ஆரம்பித்தார். தண்ணீர் வசதிக்காகவே அந்தத் தொழில் சோலனுக்குப் போனது. (ஆம், ஜாலியன்வாலா பாக் டயரின் அப்பாதான்.) தெற்கே நீலகிரி, பெங்களூர் பக்கம் இருந்த சிறு மதுவடிசாலைகளைச் சேர்த்து 1915-ல் தாமஸ் லீஷ்மன் உருவாக்கியதுதான் யுனைடெட் புருவரீஸ்.

நண்பனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். டிடிஎஸ் மீட்டரை நம்பாதே. அது மொத்த உப்பைச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. பரிசோதனைச் சாலை அறிக்கை வாங்கு. பைகார்பனேட் அதிகமென்றால் ஆர்ஓ தண்ணீரில் ஆரம்பி. 20 லிட்டருக்கு 4 கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 46 மில்லிகிராம், சல்பேட் சுமார் 112 ஏறும். லைட் ஏலுக்கு அது போதும், பர்ட்டன் அளவுக்குப் போனால் மெல்லிய பீரில் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். குழாய்த் தண்ணீர் என்றால் முதலில் குளோரினை எடு, இல்லாவிட்டால் மருந்து வாடை அடிக்கும்.

சரி, கண்டிப்பேட்டை? 1908 செப்டம்பர் 28-ல் மூசி ஆறு பொங்கி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் தப்பினார்கள் என்பார்கள். அடுத்த வருஷம் நிஜாம் அழைத்து வந்த விஸ்வேஸ்வரய்யா, ஊருக்கு மேலே அணை கட்டச் சொன்னார். 1920-ல் உஸ்மான் சாகர் முடிந்தது, அதுதான் கண்டிப்பேட்டை. 1927-ல் ஹிமாயத் சாகர். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது ஊருக்குக் குடிநீரும் ஆனது. பம்பு இல்லாமல், சரிவிலேயே ஆசிஃப் நகர் வடிகட்டும் தொட்டிகளுக்கு வந்து சேரும். மழை நீர் தேங்கிய ஏரி, ஆகவே நம் போர்வெல்களின் கருங்கல் தண்ணீரை விட மென்மை. வெந்நீர் பாத்திரத்தில் வெள்ளை படிகிற வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஊர் வீங்கிவிட்டது. மஞ்சீரா வந்தது, 2004-ல் கிருஷ்ணா, 2015-ல் கோதாவரி. எங்கள் அடுக்குமாடியில் கோடையில் லாரித் தண்ணீரும் சேரும், அது எந்தக் கிணறு என்று லாரிக்காரருக்கே வெளிச்சம். ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குக் கட்டடங்களைக் கட்டுப்படுத்திய 1996-ஆம் வருஷத்து 111-ஆம் எண் அரசாணையை 2022-ல் தெலங்கானா அரசு தளர்த்தியது. என் பிள்ளைகள் குடிப்பதில் கண்டிப்பேட்டை எத்தனை பங்கு என்று தெரிந்துகொள்ள எந்த மீட்டரும் இல்லை. எது வந்தாலும் சமையலறை ஆர்ஓ எல்லாவற்றையும் ஒரே ருசியாக்கித்தான் டம்ளரில் ஊற்றுகிறது.