இசைத்தட்டுப் பராமரிப்பு

இசைத்தட்டின் வரிப்பள்ளம், அதில் ஓடும் ஊசி, இரண்டையும் தாங்கும் இயந்திரம் ஆகிய மூன்றையும் கெடாமல் காக்கும் முறைகள். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்துப் பள்ளத்தைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். அகலமோ தலைமயிரின் பருமன்தான். பள்ளத்துச் சுவரின் நெளிவுகளே இசை. குறுக்கே விழும் கீறல் அந்தச் சுவரை உடைத்துவிடுவதால், தட்டு சுற்றும் ஒவ்வொரு முறையும் ஊசி அங்கே இடறி ‘டக்’ என்கிறது: எல்.பி.யில் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று முறை. கீறல் ஆழமானால் ஊசி பக்கத்து வரிக்குத் தாவி, பாடிய அடியையே பாடிக்கொண்டிருக்கும்.

தட்டையான தட்டுக்கு எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்றார். முதலில் கெட்டி ரப்பரில் தட்டு அடித்துப் பார்த்தவர், 1890களின் பிற்பகுதிக்குள் அரக்குக்கு மாறிவிட்டார். அரக்குப் பூச்சி சுரக்கும் இந்தப் பிசினுக்கு உலகம் பெரிதும் நம்பியிருந்தது இந்தியாவை. அரக்கோடு கல்தூளும் கரிப்பொடியும் கலந்தே தட்டு அடிக்கப்பட்டது. தட்டின் ஆயுளையும் ஊசியின் ஆயுளையும் தீர்மானித்தது அந்தக் கல்தூள்தான். எஃகு ஊசியின் முனை முதல் சில சுற்றுகளிலேயே தூளில் உராய்ந்து தேய்ந்து, பள்ளத்தின் வடிவுக்கு வந்துவிடும். ஊசியைத் தாங்கும் சவுண்ட் பாக்ஸின் கனமோ நூறு கிராமுக்கு மேல். பக்கம் முடிவதற்குள் முனை மழுங்கி, ஓரங்கள் உளிபோல் கூராகிவிடும். ‘ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி’ என்ற விதி இப்படி வந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடம். ஆக, மூன்று நிமிடத்துக்கு ஓர் ஊசி.

ஊசிகள் 200 கொண்ட சிறு தகரப் பெட்டிகளில் விற்றன. பருத்த ஊசி உரத்த ஒலிக்கு, மெலிந்தது மென்மையான ஒலிக்கு, இரண்டுக்கும் நடுவே இன்னொன்று என வகை பிரித்திருந்தார்கள். பல பக்கங்களுக்குத் தாங்கும் டங்ஸ்டன் முனை ஊசிகளும் வந்தன. தட்டின் மேல் கூடுதல் கரிசனம் கொண்டவர்கள் மூங்கில் ஊசிக்குப் போனார்கள். அதை முக்கோணமாகச் சீவி, மழுங்கினால் தனி வெட்டுக்கருவியால் முனையைக் கத்தரித்துக்கொள்ளலாம். சிலர் முள்ளையே ஊசியாக்கினார்கள். மூங்கிலும் முள்ளும் தட்டுக்கு இதமானவை. ஒலி சற்று மங்கும், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய ஊசியை மூன்று நிமிடத்தில் தூக்கி எறிய மனம் வராதவர்களே எங்கும் அதிகம். பழைய கறுப்புத் தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், உரத்த பகுதிகளில் வரிகள் சாம்பல் பூத்திருக்கும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டதன் தடம் அது.

இந்தியாவில் 1902இல் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பதிவு செய்தபோது, தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே ஆலை எழுந்தது. தமிழ்நாட்டில் ஏ.வி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை விற்றார். 1933இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றைக்குக் காதில் விழுகிறதென்றால் அது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடிய அரக்குத் தட்டுகளின் தயவில்தான். அவற்றில் விழுந்த கீறலைத் தட்டிலிருந்து நீக்க வழியில்லை.

அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது. தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பது அதே ஸ்பிரிட்டில்தான். தட்டின் பளபளப்போடு வரியும் கரைந்துவிடும்.

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் வினைலில் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. கல்தூள் போயிற்று, இரைச்சல் குறைந்தது. ஆனால் வினைல் மென்மையானது. எஃகு ஊசி ஒரே ஒரு முறை ஓடினாலும் தட்டு வீண். 78 தட்டுக்கு ஏறக்குறைய 75 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும், தொடக்க கால எல்.பி.க்கு 25. இரண்டையும் ஓட்டும் பெட்டிகளில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிஜின் முன்னாலிருந்த சிறு நெம்பைத் திருப்பி ஊசி மாற்ற வேண்டும். திருப்ப மறந்தால் 78க்கான ஊசி எல்.பி.யின் வரிக்குள் இறங்காமல் விளிம்பை உரசிக்கொண்டே போகும்.

ஊசி தட்டை அழுத்தும் எடை பற்றி ரசிகர்களிடையே ஓயாத வாதம் உண்டு. எடை குறையக் குறைய நல்லது என்ற எண்ணம் தவறு. எடை போதாத ஊசி உரத்த இடங்களில் துள்ளி, சுவரில் மோதிச் சிதைக்கும். இன்றைய கார்ட்ரிஜ்கள் பலவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் சரி. தாவும் தட்டை வழிக்குக் கொண்டுவர ஊசிக் கையின் தலையில் நாலணாக் காசை வைத்த வீடுகள் பல. பாட்டு ஓடியது உண்மை, கூடவே தட்டும் தேய்ந்தது. தட்டின் மேல் நீரைப் பரப்பி ஓட்டும் பழக்கமும் வேண்டாதது. உலர்ந்ததும் சேறு வரிக்குள் ஒட்டிக்கொள்ளும்.

கீறல்களில் பெரும்பாலானவை தட்டு ஓடும்போது விழுவதில்லை, எடுத்து வைக்கும்போது விழுபவை. உறையிலிருந்து உருவாமல், உறையை விரித்து, விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். கல்யாண வீடுகளில் சவுண்ட் சர்வீஸ்காரர் உறையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகள் அடுத்த முகூர்த்தத்துக்குள் கரகரக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. தட்டுகளைத் தானே ஒன்றன்மேல் ஒன்றாக விழவைக்கும் ஆட்டோ சேஞ்சர் பெட்டிகளுக்காக, ஆர்.சி.ஏ. நிறுவனம் 1950களில் விளிம்பையும் லேபிள் பகுதியையும் சற்றே உயர்த்தித் தட்டு அடித்தது. நடுவிலுள்ள வரிகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்கத்தான்.

உராய்வில் மின்னேற்றம் பெறும் வினைல் தூசியை இழுத்துக்கொள்ளும். 1950களில் இங்கிலாந்தின் செசில் வாட்ஸ் விற்ற ‘டஸ்ட் பக்’ என்ற தூரிகைக் கை, தட்டு ஓடும்போதே ஊசிக்கு முன்னால் தூசியைக் கூட்டியது. தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வைப்பது நல்லது. படுக்க வைத்தால் அரக்கு உடையும், வினைல் வளையும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அட்டை உறைகளில் பூஞ்சை பிடிக்கும், லேபிளை வெள்ளிப்பூச்சி தின்னும்.

சாவி கொடுக்கும் பெட்டிக்குச் சுருள்வில்லில் கிரீஸும், மின்பெட்டிக்கு நீண்டுபோன ரப்பர் பெல்ட்டை மாற்றுவதும் தேவை.

2020இல் அமெரிக்காவில் வினைல் விற்பனை வருவாய் 1980களுக்குப் பின் முதன்முறையாக சி.டி.யை முந்தியது. தட்டு கழுவும் இயந்திரங்களும், ஐந்து கிராம் வரை எடையேற்றும் மலிவான சூட்கேஸ் பிளேயர்களும் இப்போது சேர்ந்தே விற்பனையாகின்றன.