கூரையும் தறியும்: ஆரணி வட்டாரத்தில் மரம், காரை, ஈயம்

ஒரு கட்டடத்தின் ஆயுளை அதன் கூரையே முடிவு செய்கிறது என்பது தமிழகத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் தலைமுறைகளாக அறிந்துவந்த உண்மை. நனைந்த சுவர் வெயிலில் காய்ந்துவிடும். ஆனால் கூரையில் புகுந்த ஈரம் உத்திரத்தின் முனையை இறச் செய்து, சுமையை இடம் மாற்றி, நாளடைவில் சுவரையே பிளந்துவிடும். ஆகவே கூரையைப் பிரித்துப் பழுதுபார்க்கும் வேலைக்கு எல்லா நாடுகளிலும் கண்டிப்பான நெறிகள் உருவாயின. சில நாடுகளில் அவை ஏட்டில் எழுதப்பட்டன. தமிழகத்தில் நெடுங்காலம் அவை கைவினைஞரின் கண்ணிலும் கையிலும் இருந்தன. கமண்டல நாகநதிக் கரையில் பட்டு நெசவால் பெயர் பெற்ற ஆரணியும் அதன் சுற்றுப்புறமும் இந்த நெறிகளின் வரலாற்றை அறிய ஏற்ற களம். கோட்டை, ஜாகீர்தார் மாளிகைகள், நெசவாளர் வீடுகள் என மூவகைக் கட்டடங்களும், அவற்றுக்குரிய கூரை மரபுகளும் இங்கு அருகருகே இருந்துள்ளன.

மரத்தின்மேல் உலோகத் தகடு போர்த்தும் கூரை ஐரோப்பாவின் குளிர்நாடுகளுக்கு உரியது. அங்கே பெரிய தேவாலயங்களின் ஓக் மரச் சட்டங்களுக்கு மேல் பலகை பரப்பி, அதன்மேல் காரீயத் தகடுகளை விரித்தார்கள். காரீயம் எளிதில் வளையும், துருப்பிடிக்காது. ஆனால் வெப்பத்தில் மிகுதியாக விரியும். இரண்டு மீட்டர் நீளமுள்ள தகடு 40 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் நீளும். விரிந்த தகடு குளிரில் முழுமையாகப் பழைய இடத்துக்குத் திரும்பாமல், தன் எடையாலேயே மெல்லச் சரிந்து, மடிப்பு விழுந்த இடத்தில் கிழியும். இதைத் தடுக்கவே தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும், மேல் விளிம்பை மட்டும் ஆணியடித்து மற்ற விளிம்புகளை அசைய விட வேண்டும், இணைப்புகளை உருண்டை மரக்கட்டையின்மேல் மடித்துச் சுற்ற வேண்டும், தகட்டுக்கும் பலகைக்கும் கீழே காற்றோட வேண்டும் என்னும் விதிகள் எழுந்தன. பாரிஸ் நகரின் நோத்ர தாம் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 15 அன்று பற்றிய தீயில் ஓக் மரச் சட்டகமும் அதைப் போர்த்திய காரீயமும் அழிந்தன. பின்னர் அதே மரத்தையும் அதே உலோகத்தையும் கொண்டு பழைய முறையிலேயே கூரை மீண்டும் எழுப்பப்பட்டு, 2024 டிசம்பரில் தேவாலயம் திறக்கப்பட்டது. பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பவர் அதன் மூலப்பொருளையும் அந்தப் பொருளின் இயல்பையும் முதலில் மதிக்க வேண்டும் என்பதற்கு இது அண்மைக் காலச் சான்று.

தமிழகம் காரீயத்தை அறியாத நாடன்று. ஆரணி அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டியில் பழங்கால ஈயக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே உலோகம் துப்பாக்கிக் குண்டாக இவ்வட்டாரத்துக்கு வந்தது. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவும் மராத்தியத் தலைவர் முராரி ராவின் குதிரைப்படையும் ஆரணி அருகே ராசா சாகிபின் படையையும் பிரெஞ்சுப் படையையும் தோற்கடித்தனர். 1782 ஜூன் 2 அன்று, ஹைதர் அலி தம் படைத்தளவாடங்களைச் சேர்த்து வைத்திருந்த ஆரணியை நோக்கி ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படை நடத்தி வந்தபோது, இங்கே மீண்டும் ஒரு போர் மூண்டது. குண்டுக்கும் காசுக்கும் பயன்பட்ட உலோகம் இந்த மண்ணில் கூரைப் போர்வையாகாமல் போனதற்கு வெயிலே முதற்காரணம். கோடையில் பகலெல்லாம் காய்ந்து இரவில் குளிரும் மொட்டைமாடியில் காரீயத் தகடு நாள்தோறும் விரிந்து சுருங்கி விரைவில் தளர்ந்துவிடும். தரமான சுண்ணாம்பு இங்கேயே கிடைத்தபோது விலையுயர்ந்த உலோகத்தைக் கூரைமேல் பரப்ப வேண்டிய தேவையும் எழவில்லை.

உலோகக் கூரை தமிழகத்தில் தெய்வத்துக்குரிய சிறப்பாக மட்டும் நின்றது. சிதம்பரம் சிற்றம்பலம் மரத்தால் ஆன அமைப்பு. அதன்மேல் பொன் போர்த்திய செப்போடுகள் வேயப்பட்டுள்ளன. அக்கூரையைப் பொன்வேய்ந்தவன் முதலாம் பராந்தகன் என்று சோழர் செப்பேடுகள் போற்றுகின்றன. ஓடுகள் 21,600 என்றும் அவற்றைப் பொருத்திய ஆணிகள் 72,000 என்றும் கோயில் மரபு கணக்குச் சொல்லி, அவற்றை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளோடும் உடலின் நாடிகளோடும் இணைக்கிறது. தத்துவ விளக்கத்தை நீக்கிப் பார்த்தாலும் இந்த அமைப்பில் ஒரு தொழில் அறிவு புலப்படுகிறது. ஒரே பெருந்தகடாகப் போர்த்தாமல் பல்லாயிரம் சிற்றோடுகளாகப் பிரித்ததனால் ஒவ்வோர் ஓடும் தன்னளவில் விரிந்து சுருங்க இடமுண்டு. பழுதுற்றதை மட்டும் கழற்றி மாற்றவும் முடியும். ஐரோப்பியக் காரீயக் கூரையாளர் கண்ட அதே தீர்வைத் தமிழகக் கன்னாரும் கண்டிருந்தனர்.

ஆரணியில் நிலைத்த கட்டடங்களைப் பெருமளவில் எழுப்பும் வாய்ப்பு ஜாகீர் ஆட்சியால் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில், பீஜப்பூர் அரசின் சார்பில் தெற்கே வந்த ஷாஜி போன்ஸ்லேயிடம் பணிபுரிந்த வேதாஜி பாஸ்கர் பந்த் ஆரணியை ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையுடன் கூடிய நிலக்கொடையாகப் பெற்றார். அவருடைய வழிவந்தோர் ஆரணியை அடுத்த சத்திய விஜய நகரத்திலும் பூசிமலைக்குப்பத்திலும் மாளிகைகள் கட்டினர். ஒரு மாளிகையின் பெருங்கூடத்துக்குத் தென்னங்கீற்றோ நாட்டு ஓடோ போதாது. அகன்ற கூடத்தை மூடவும் மாடியில் நடமாடவும் தட்டைக்கூரை தேவைப்பட்டது. வடதமிழ்நாட்டில் அத்தேவையை நிறைவேற்றிய முறை, மக்கள் வழக்கில் ‘மெட்ராஸ் ஒட்டு’ எனப்படும் ஒட்டுத்தளம்.

இந்தத் தளத்தின் அடிப்படை மரம். சுவருக்குச் சுவர் உத்திரங்களை ஏற்றி, அவற்றின்மேல் குறுக்காகக் கட்டைகளை ஏறத்தாழ ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் வைப்பார்கள். மரத்தைத் தேர்வதில்தான் தச்சரின் முதல் நெறி தொடங்குகிறது. உள்ளே உரம் உடையதை மரம் என்றும், புறத்தே உரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்துகிறது. தச்சுத் தொழிலில் இந்தப் பாகுபாடு இன்றும் உயிருள்ள அறிவு. தேக்கையும் வேங்கையையும் அறுக்கும்போது வெளிறு எனப்படும் வெளிறிய மேற்பகுதியைக் கழித்து, வயிரம் பாய்ந்த நடுப்பகுதியையே உத்திரத்துக்கு எடுக்க வேண்டும், ஏனெனில் கறையான் முதலில் வெளிற்றையே நாடும். பனையில் இது தலைகீழ்: சோறு போன்ற உட்பகுதியைச் செதுக்கி எறிந்து, கருத்து இறுகிய புறப்பகுதியையே கைமரமாக, அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்மரமாக வைக்க வேண்டும். மாளிகைகளுக்குத் தேக்கும் எளிய வீடுகளுக்குப் பனையும் வேம்பும் பயன்பட்டன. ரயில் பாதை வந்தபின் பர்மாத் தேக்கும், 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையைப் பின்பற்றிப் பரவிய சீமை ஓடும் உள்நாட்டுச் சிற்றூர்களை எட்டுவது எளிதாயிற்று.

மரச்சட்டகம் அமைந்தபின் கொத்தனாரின் வேலை தொடங்குகிறது. ஒட்டுக்கல் என்பது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமும் 7.5 சென்டிமீட்டர் அகலமும் 2.5 சென்டிமீட்டர் கனமும் உடைய மெல்லிய செங்கல். அதன் ஒரு பக்கத்தில் சுண்ணாம்புச் சாந்தைத் தடவி, முன்னர் வைத்த கல்லோடு அழுத்திப் பிடித்தால், கீழே எந்தப் பலகையின் தாங்கலும் இன்றி அது அந்தரத்தில் ஒட்டி நிற்கும். கற்களைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்காக அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை நோக்கிச் சாய்வரிசையாக வைத்துச் செல்வார்கள். சாய்வரிசையாக அமைவதால் இணைப்புக் கோடு எதுவும் கட்டைக்கு இணையாக ஓடுவதில்லை. சுமை பல கட்டைகளுக்குப் பகிர்ந்து செல்லும். அந்த அடுக்கு இறுகியபின் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து ஏறத்தாழ மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள்.

அடுத்து வருவது இந்தத் தொழிலின் உயிர்நிலையான கட்டம். பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் ஜல்லித் தளத்தை நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்ட ஊறவைத்த கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளிக்கப்படும். சுண்ணாம்பு இறுகுவதற்கு முன் இளகி நிரவவும், இறுகியபின் நீரை உள்ளே விடாமல் காக்கவும் இக்கலவை உதவுகிறது. தட்டுவதை எப்போது நிறுத்துவது என்பதற்குக் கடிகாரக் கணக்கு இல்லை. கட்டை பட்ட இடத்தில் தடம் பதியாமல், அடித்த கட்டை கையோடு எகிறித் திரும்பும்போதுதான் தளம் பதமானது என்று கொள்ளப்படும். இதற்கு மேல் தட்டோடுகளைச் சாந்தில் பதித்து, இணைப்புகளை மெழுகி, மழைநீர் தூம்பை நோக்கி ஓடுமாறு வாட்டம் கொடுத்து முடிப்பார்கள். கைவழி வந்த இந்த முறையை இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 2119 என்னும் செயல்நெறியாக எழுதி வெளியிட்டது; 1980-இல் அது திருத்தப்பட்டது. சுண்ணாம்புத் தளத்துக்குத் தனியே ஐ.எஸ். 3036 உண்டு. தடம் பதியாமை, கட்டை எகிறுதல் போன்ற கைச்சோதனைகளே எழுதப்பட்ட தர விதிகளிலும் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. காரீயத்துக்கும் இக்கட்டடங்களில் ஓர் எல்லைக்குட்பட்ட இடம் உண்டு: வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாய்களின் இணைப்பில் சணலைத் திணித்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி, உளியால் அடித்து இறுக்குவது பொதுப்பணித் துறைக் கட்டடங்களில் நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். தமிழகக் கூரையில் பரப்பைக் காத்தது காரை. இணைப்பைக் காத்தது ஈயம்.

ஆரணியின் நெசவு, கூரைக்குக் கூடுதலான பொறுப்பைச் சுமத்தியது. நெசவாளரின் வீடு குடியிருப்பாகவும் தொழிற்கூடமாகவும் இருப்பது. ஒரு பாவில் பல சேலைகளுக்கான பட்டு இழைகள் வாரக்கணக்கில் தறியில் பூட்டப்பட்டிருக்கும். ஒரு துளி ஒழுகினால் சாயம் பரவி, ஜரிகை கறுத்து, ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீணாகும். ஓடு விலகி விழும் தூசியும் கறையான் மண்ணும் மெல்லிய இழைக்கு அதே அளவு பகை. கால்கள் குழிக்குள் இறங்கியிருக்க, நெய்பவர் தரைமட்டத்தில் அமரும் குழித்தறிக்குத் தாழ்ந்த கூரை போதும். ஆனால் கரைக்கும் முந்திக்கும் கோலம் எடுத்துத் தரும் ஜக்கார்டு பெட்டி தறியின் தலைமேல் ஏறியபோது, உத்திரத்தின் உயரமும் வலிமையும் தொழிலின் தேவைகளாயின. கோடையில் இழை வறண்டு அறுந்துவிடாமல் காக்கும் குளிர்ச்சியைத் தகரக் கூரையும் கல்நார்த் தகடும் தருவதில்லை. கனத்த காரைத் தளமும், காற்று ஊடாடும் நாட்டு ஓடும் அதைத் தருகின்றன. எனவே நெசவாளர் வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்கும் நெறி, புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் தரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

பழுதுபார்ப்பில் வரிசை முறையே முதல் விதி. முதலில் தூம்புகளைத் துப்புரவு செய்து, கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு நீக்கி, நீர் தேங்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும். தளத்தில் கை வைக்கும் முன் உத்திரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பின்னர் ஒவ்வோர் உத்திரத்தையும் கட்டையையும் சுத்தியால் தட்டி ஓசை கேட்டும் ஊசியால் குத்தியும் சோதிக்க வேண்டும். சுவருக்குள் புதைந்த முனையே பெரும்பாலும் முதலில் இறுவதால், அங்கே சோதனை கூடுதலாக வேண்டும். முனை மட்டும் இற்றிருந்தால் முழு உத்திரத்தையும் கழற்றாமல், இற்ற பகுதியை அறுத்து, அதே இனத்து உலர்ந்த மரத்தைச் சாய்வெட்டில் இணைத்துப் பூட்டலாம். புதிய முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட வேண்டும். சாந்தால் இறுக அடைத்தால் அதுவும் விரைவில் இறும்.

இரண்டாவது விதி, காரைத் தளத்தின்மேல் சிமெண்டு பூசாமை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியிடும். மரம் அசையும்போது சற்றே இசைந்து கொடுக்கும். சிமெண்டுப் பூச்சு அவ்வாறு இசையாது. அதில் விழும் மயிரிழை வெடிப்பு வழியாக நீர் உள்ளே செல்லும், உள்ளே சென்றது ஆவியாகி வெளியேற வழி இராது. மேலே காய்ந்து கிடக்கும் தளத்துக்கு அடியில் உத்திரம் நனைந்து இற்றுக்கொண்டிருக்கும். ஒழுகும்போதெல்லாம் ஓர் அடுக்குப் பூசுவோர், மரம் தாங்கும் சுமையையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். தமிழகத்தில் பல ஒட்டு வீடுகள் முதுமையால் அழிந்தவை அல்ல. இத்தகைய தவறான பராமரிப்பால் அழிந்தவை.

1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் பெருநில வருவாய் நின்றதும், மாளிகைகளை ஆண்டுதோறும் பேணிய தச்சர், கொத்தனார் குடும்பங்களுக்கு வேலை அருகியது. கான்கிரீட் தளம் பரவியதும் சுண்ணாம்புச் செக்குகளும் ஒட்டுக்கல் சூளைகளும் குறைந்தன. ஆயினும் இவ்வறிவு மீளக்கூடியதே என்பதைச் சென்னை காட்டியது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தின் கலஸ் மகால் தீயில் கூரை இழந்தது; மீட்புப் பணியில் தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிடலாம் என்னும் எண்ணத்தைக் கடந்து, பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பும் மரமும் கொண்டு மீட்டெடுத்தது; அருகிலுள்ள ஹுமாயூன் மகாலும் அவ்வாறே புதுப்பிக்கப்பட்டது. மறந்துபோனதாகக் கருதப்பட்ட ஒட்டுத்தள வேலை அரசு ஒப்பந்தப் பணியாக மீண்டும் நடைபெற்றது.

ஆரணி வட்டாரத்துக்கும் இதே வழி பொருந்தும். பூசிமலைக்குப்பம் மாளிகை போன்ற பெருங்கட்டடங்களுக்கு நிதியும் சட்டப் பாதுகாப்பும் தேவை. நெசவாளர் தெருவின் எளிய வீட்டுக்கோ, எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் எளிய தமிழ்க் கையேடும், சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த நான்கு கைகளும் போதும். கைத்தறிக்கு உதவித்தொகை வழங்கும் திட்டங்கள் தறியோடு நிற்காமல் அதற்கு மேலிருக்கும் கூரையையும் தொழிற்கருவியாகவே கணக்கில் கொள்ள வேண்டும். ஐ.எஸ். 2119 போன்ற செயல்நெறிகள் தமிழில் கிடைத்து, மூத்த கொத்தனார்களும் தச்சர்களும் இளையோருக்குக் கற்பிக்க ஊதியம் பெற்றால், ஏட்டு விதியும் கைவழி அறிவும் ஒன்றையொன்று காக்கும். இவ்விரண்டில் ஒன்று அறுந்தாலும் மற்றொன்றால் தனித்து ஒரு கூரையையும் நிறுத்த இயலாது.